கருவியின் கண்ணும் பெற்றவர் கண்ணும்

(ஆலயத் திருவிழாவை முன்னிட்டுப் பாக்கார் ஆராங் வட்டாரப் பெற்றோர்களுக்காக ஆலய மண்டபத்தில் நடத்தப்பெற்ற கூட்டத்தில் அரசுத் துறை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்லேன். அரசாங்க அலுவலகம் ஒன்றில் சேவை முகப்புக்குப் பின்னால் அமர்ந்து, வருகின்றவர்களின் பாரங்களைச் சரிபார்த்து, அடையாள அட்டைக்குப் படம் பிடித்துக் கொடுக்கும் பணியைச் செய்பவன். "பிள்ளை வளர்ப்பு" என்ற தலைப்பில் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்று தலைவர் அவர்கள் பணித்தபோது பெரிதும் தயங்கினேன். பிள்ளை வளர்ப்பில் சிறந்து விளங்கியோர் பலர் இச்சபையிலேயே அமர்ந்திருக்கிறீர்கள். ஆயினும், செய்த பிழையைச் சொல்ல வந்தவனுக்கும் ஒரு சிறிய இடம் உண்டு என்ற துணிவோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

சென்ற ஆண்டுத் திருவிழா

சென்ற ஆண்டு நம் ஆலயத் திருவிழாவில் என் மகன் முதன்முதலாகப் பால்குடம் எடுத்தான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. நாற்பத்தெட்டு நாள் இயலாவிடினும் இரண்டு வாரம் சைவ உணவு உண்டு, பாயில் படுத்து, அந்தச் சிறுவன் விரதம் காத்தான். மஞ்சள் வேட்டி கட்டி, தலையில் குடத்தை ஏந்தி அவன் ஊர்வலத்தில் நடந்த காட்சி என் உள்ளத்தைக் குளிர்வித்தது. என் மனைவி கைக்குழந்தையோடு பின்னால் வந்தார். நானோ கைப்பேசியை உயர்த்திப் பிடித்தவாறு, மகனுக்கு முன்னால் பின்புறமாகவே நடந்து, அக்காட்சி முழுவதையும் காணொளியாகப் பதிவு செய்தேன்.

வழியில் உருமி மேளக் குழுவினர் நின்று வாசித்தார்கள். ஊர்வலம் சற்றே தேங்கி நின்றது. மகன் மேளத்திற்கு ஏற்ப ஒரு காலைத் தூக்கி, மறுகாலை மாற்றி, மெல்ல ஆடத் தொடங்கினான். "ஆகா, பிள்ளைக்கு அருள் வந்துவிட்டது" என்று மகிழ்ந்து இன்னும் நெருங்கிச் சென்று படமெடுத்தேன். ஆலயம் திரும்பியதும் அந்தக் காணொளியைக் குடும்பப் புலனக் குழுவில் பகிர்ந்தேன். உறவினர் பலரும் கைகூப்பும் சின்னங்களை அனுப்பி வாழ்த்தினார்கள். அன்று மாலை என் தாயார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்:

"ஏன்யா, பிள்ள ஆடலயா. காலு சுடுதுய்யா அவனுக்கு. நீ பார்க்கலயா?"

நான் காணொளியை மீண்டும் போட்டுப் பார்த்தேன். நண்பகலை நெருங்கிய வேளை, தார்ச்சாலை கொதித்துக்கொண்டிருந்தது, தண்ணீர் தெளிக்கும் வண்டி முன்னே சென்றுவிட்டிருந்தது. ஒரு காலை ஊன்ற முடியாமல் மறுகாலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான் என் மகன். அவன் கண்கள் என்னைத் தேடுகின்றன. உதடுகள் "அப்பா" என்று அசைகின்றன. ஒருமுறை அன்று, ஐந்து முறை. மேளச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை. நானோ அவனுக்கு இரண்டு முழத் தொலைவில் நிற்கிறேன்.

சிறிது நேரத்தில் படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நீள்கிறது. வளையல் அணிந்த, முதிர்ந்த ஒரு கை. அது ஒரு குவளைத் தண்ணீரை என் மகனின் பாதங்களில் ஊற்றுகிறது. முகம் படத்தில் விழவில்லை. அந்தத் தாய் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் இச்சபையில் இருப்பாரேயானால், ஓராண்டு கழித்து நான் கூறும் நன்றியை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

அன்பர்களே, கருவியின்மீது பழி போட்டுத் தப்பிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அது நியாயமன்று. என் தாயாரும் அதே கருவியின் வழியாகத்தான் பார்த்தார். வயதான கண், சின்னஞ்சிறிய திரை, பல மைல் தொலைவு. எனினும் அவருக்குத் தெரிந்தது, அருகில் நின்ற எனக்குத் தெரியவில்லை. ஏனெனில் நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; அவர் பேரனைப் பார்த்தார். இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவே. எஞ்சியவை இதற்கு விளக்கங்கள்.

எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த படங்கள்

நான் பீடோங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றவன். எங்கள் லயத்து வீட்டுச் சுவரில், சாமிப் படங்களைத் தவிர, இரண்டே இரண்டு நிழற்படங்கள் இருந்தன.

ஒன்று என் தாத்தாவின் படம். மலாயாவில் 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின்னர், 12 வயதிற்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் படமும் கைரேகையும் பதிந்த அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. தோட்டப்புறத்து மக்களுள் பலர் தம் வாழ்நாளில் முதன்முதலாகப் படக்கருவியின் முன் நின்றது அப்போதுதான். என் தாத்தாவும் அவர்களுள் ஒருவர். அன்று எடுத்த அந்தச் சிறிய படத்தைத்தான், அவர் மறைந்த பின்னர், பட்டணத்துப் படக்கடையில் கொடுத்துப் பெரிதாக்கிச் சந்தனப் பொட்டிட்டு மாட்டியிருந்தோம். சிரிப்பே இல்லாத, சற்று மிரண்ட முகம். ஆயினும் தாத்தாவை அறிந்தவர்கள் எவரும் அந்தப் படத்தைக் கொண்டு அவரை நினைவுகூர்ந்ததில்லை. அவர் பெரட்டுக்குப் போகும் நடையையும், ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வரும் பெருமிதத்தையும் சொல்லித்தான் நினைவுகூர்ந்தார்கள்.

மற்றொன்று என் முதலாம் வகுப்புப் படம். ஆண்டுக்கு ஒருமுறை சுங்கைப் பட்டாணியிலிருந்து படக்காரர் மோட்டார் சைக்கிளில் வருவார். முந்தின நாளே சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடுவார்கள். உயரமானவர்களைப் பின்னாலும் குள்ளமானவர்களை முன்னாலும் ஆசிரியர் நிறுத்துவார். "கண்ணை இமைக்காதீர்கள்" என்று படக்காரர் உரக்கச் சொன்னார். அந்தக் கணத்தில் சரியாக நான் கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடியும் எடுப்பதற்குச் சுருளில் இடமும் இல்லை, எங்களிடம் காசும் இல்லை. கண்ணை மூடிய மகனின் படத்தை என் தந்தையார் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி, வருவோர் போவோரிடமெல்லாம் காட்டினார்.

பழங்காலம் பொற்காலம் என்று பாராட்டுவதற்காக இதைக் கூறவில்லை. அது பொற்காலம் அன்று. விடியுமுன் எழுந்து, தூங்குகின்ற பிள்ளையைத் தோளில் தூக்கி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பால்மரம் வெட்டப் போனவர்கள் நம் பெற்றோர்கள். பிள்ளையோடு கொஞ்சி விளையாட அவர்களுக்கு ஓய்வும் இல்லை, தெம்பும் இல்லை. ஆனால் என் தந்தையாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. இரவு உணவுக்குப் பின், விளக்கடியில் என்னை உட்காரவைத்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார். அவருக்கு எழுத்து வாசனை மிகக் குறைவு. புத்தகத்தைக் கையில் வைத்திருந்தாலும் அதைப் பார்க்கமாட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் தவறாகச் சொல்லிச் சமாளித்தால், "திரும்பச் சொல்லு" என்பார். எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று பல காலம் வியந்திருக்கிறேன். புத்தகத்தைப் படிக்க இயலாத அந்த மனிதர் என் முகத்தைப் படித்திருக்கிறார் என்று எனக்கே பிள்ளை பிறந்த பின்னர்தான் விளங்கியது. நாளொன்றுக்குக் கால் மணி நேரம்தான். அந்தக் கால் மணி நேரத்தில் அவர் வேறு எங்கும் இல்லை.

படம் பகையன்று

படமெடுப்பதே கூடாது என்று நான் வாதிட வரவில்லை. நம் வட்டாரத்திற்கே ஒரு பாடம் உண்டு. பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்து பகுதியில் இருந்த பதினொன்றாம் எண் சண்டி என்னும் பழங்கோயிலின் எச்சங்கள் மேம்பாட்டுப் பணிக்காக இடிக்கப்பட்டுவிட்ட செய்தி 2013-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்து நாட்டையே அதிரவைத்தது. இன்று அந்தச் சண்டியை நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் பழைய படங்களைத்தான் நாட வேண்டும். அதுபோலவே, நாம் பிறந்த லயங்கள் பல இன்று இல்லை. இரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துவிட்டன. கரி சுடுவதைக் குறிக்கும் பெயரைத் தாங்கிய இந்தப் பாக்கார் ஆராங்கில் இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. ஆகவே எடுக்கப்பட்ட ஒவ்வொரு படமும் ஒரு செல்வமே.

வேறுபாடு எங்கே நேர்ந்தது? முன்பு ஒரு சுருளில் 36 படங்கள்தான் எடுக்க முடியும். கழுவி அச்சிடக் காசு வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். ஆதலால் படக்கருவி வைத்திருந்தவரும் நெடுநேரம் பார்த்துவிட்டுத்தான் விசையை அழுத்தினார். பார்த்தல் முதலிலும் படம் பின்பும் வந்தன. 1999, 2000-ஆம் ஆண்டுகளில் ஜப்பானில் படக்கருவியோடு இணைந்த கைப்பேசிகள் விற்பனைக்கு வந்தன. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அது ஏறத்தாழ எல்லார் சட்டைப்பையிலும் புகுந்துவிட்டது. இன்று படமொன்றுக்குச் செலவும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. எனவே எடுத்துக்கொண்டே இருக்கிறோம். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சேமித்துக்கொண்டே போகிறோம். அந்தப் "பிறகு" பெரும்பாலும் வருவதே இல்லை.

அறிஞர்கள் கண்டறிந்தவை

இதனை ஆராய்ந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் லிண்டா ஹென்கல், மாணவர்களைக் கலைக்காட்சியகம் ஒன்றிற்கு அழைத்துச் சென்றார். சில பொருள்களை வெறுமனே உற்றுப் பார்க்கவும், சிலவற்றைப் படமெடுக்கவும் பணித்தார். மறுநாள் அவர்களின் நினைவாற்றலைச் சோதித்தபோது, கண்ணால் மட்டும் பார்த்த பொருள்களைவிடப் படமெடுத்த பொருள்களே குறைவாக நினைவிலிருந்தன. இந்த ஆய்வு 2014-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. "கருவி நினைவில் வைத்துக்கொள்ளும்" என்று மனம் தன் வேலையைக் கருவியிடம் ஒப்படைத்துவிடுகிறது போலும் என்பது அவர் தந்த விளக்கம்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது. பொருளின் ஏதேனும் ஒரு பகுதியைத் தேர்ந்து, அதனை நெருக்கிப் படமெடுக்கச் சொன்னபோது, நினைவு அவ்வாறு குன்றவில்லை. அதாவது, எதைப் பார்க்கிறோம் என்று தேர்ந்து, கருத்தூன்றி எடுத்தவர்களுக்குக் கருவி தடையாகவில்லை. என் தாயாரின் கண் எனக்குக் கற்பித்ததும் இதுவேயன்றோ? தடை கருவியில் இல்லை. கருத்து எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இனிப் பிள்ளையின் பக்கம் நின்று பார்ப்போம். அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் டிரானிக் 1970-களில் ஒரு சோதனை செய்தார். தாய் தன் கைக்குழந்தையோடு வழக்கம்போல் சிரித்துப் பேசி விளையாடுகிறார். பின்னர், சில நிமிடங்கள் மட்டும், முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல், அசையாது குழந்தையைப் பார்த்தவாறு அமர்ந்திருக்கிறார். தாய் எங்கும் போய்விடவில்லை, எதிரிலேயேதான் இருக்கிறார். ஆயினும் குழந்தை உடனே வேறுபாட்டை உணர்ந்துவிடுகிறது. சிரித்துப் பார்க்கிறது, கைநீட்டி அழைக்கிறது, பயன் இல்லையெனக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, கலங்கி அழுகிறது. பக்கத்தில் இருப்பது வேறு, உடனிருப்பது வேறு என்பதைப் பேச்சு வராத குழந்தையும் அறிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பெற்றோர்களுக்கு ஆறுதலான செய்தியும் அந்த ஆய்விலேயே உண்டு. தாய் மீண்டும் சிரித்துப் பேசத் தொடங்கியதும் குழந்தையும் படிப்படியாகத் தாயிடம் திரும்புகிறது. பெற்றவர்கள் எந்நேரமும் பிழையின்றி இருக்க வேண்டியதில்லை என்றும், அறுந்த தொடர்பை மீண்டும் முடிந்துகொள்வதே முக்கியம் என்றும் டிரானிக் வலியுறுத்தினார். இந்தக் கூட்டத்தில் என்னைப்போல் குற்றவுணர்வோடு அமர்ந்திருக்கும் தந்தையர் எவரேனும் இருப்பின், இதை மனத்திற் கொள்ளுங்கள்.

தரிசனம் என்னும் சொல்

இந்த உண்மையை அறிய நாம் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்குப் போகவேண்டிய தேவையும் இல்லை. ஆலயத்தில் நாம் பெறுவதற்குத் "தரிசனம்" என்று பெயர். தரிசனம் ஒருவழிப் பார்வை அன்று. நாம் இறைவனைக் காண்கிறோம். இறைவனும் நம்மைக் காண்கிறான் என்பதே நம் நம்பிக்கை. திருவுருவம் வடிக்கும் சிற்பி எல்லா உறுப்புகளையும் செதுக்கிய பின்னர்தான் கண்ணைத் திறக்கிறார். கண் திறப்பு என்பதைத் தனிச் சடங்காகவே நம் மரபு வைத்திருக்கிறது. கண்ணோடு கண் கலக்கும் இடமாக இருப்பதனால்தான் கல் நமக்குத் தெய்வமாகிறது.

அப்படியிருக்க, திரை விலகித் தீபாராதனை காட்டும் வேளையில் இன்று என்ன நிகழ்கிறது? கூப்ப வேண்டிய கைகள் கைப்பேசியை உயர்த்துகின்றன. திறந்திருக்க வேண்டிய கண்கள் திரையில் வெளிச்சம் போதுமா என்று பார்க்கின்றன. தமிழகத்திலும் இதே நிலை முற்றி, திருச்செந்தூர் முருகன் ஆலயம் தொடர்பான வழக்கொன்றில், ஆலயங்களின் தூய்மையையும் புனிதத்தையும் காக்கும் பொருட்டு அவற்றினுள் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் உத்தரவிட்டது. நீதிமன்றம் சொல்லித்தான் நாம் இறைவனை ஏறிட்டுப் பார்க்க வேண்டும் என்ற நிலை நமக்குப் பெருமை தருவதாகாது.

கருவறையின் முன் பொருந்தும் நெறி, பிள்ளையின் முன்னும் பொருந்தும் என்பது என் எளிய கருத்து. பள்ளி மேடையில் ஆடும் குழந்தையைக் கவனித்துப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் அதன் கண்கள் கூட்டத்தில் எதைத் தேடுகின்றன? பெற்றவர் கண்களை. அந்தக் கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம் தெரிந்தால், குழந்தைக்குத் தரிசனம் கிடைக்கவில்லை. மற்றவர்கள் பகிர்ந்த படத்தை நாம் பிறகு பெற்றுக்கொள்ளலாம். அந்த ஒரு பார்வையை வேறு எவரும் நமக்காகக் கொடுத்துவிட முடியாது.

என் அலுவல் முகப்பில் கண்டது

என் பணியிடத்தில் கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்குச் சொல்ல விரும்புகிறேன். நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டு மைகார்டும் 2003-ஆம் ஆண்டு சிறுவர்களுக்கான மைகிட்டும் அறிமுகமாயின. மைகிட் அட்டையில் பிள்ளையின் படம் இராது. 12 வயதானதும் மைகார்டு எடுக்கும்போதுதான் அடையாள அட்டையில் பிள்ளையின் முகம் முதன்முதலாக இடம்பெறுகிறது.

ஒரு நாள் தாயொருவர் தம் மகனோடு வந்தார். காத்திருக்கும் நேரத்தில் தம் கைப்பேசியில் மகனின் படங்களைப் பக்கத்திலிருந்தவரிடம் காட்டிக்கொண்டிருந்தார். பிறந்த நாள், பள்ளி விளையாட்டுப் போட்டி, தீபாவளி என்று அவை முடிவின்றிப் போயின. முறை வந்தது. படமெடுத்து, "சரியாக இருக்கிறதா, பாருங்கள் அம்மா" என்று திரையைத் திருப்பினேன். அலங்காரம் இல்லை, சிரிப்பு இல்லை, நேராகப் பார்க்கும் முகம். அந்த அம்மையார் திரையைப் பார்த்தார். பின்பு மகனைத் திரும்பிப் பார்த்தார். சற்று நேரம் பேசவில்லை. "இவன் புருவம் எங்கப்பா புருவம் மாதிரியே இருக்கு சார். இத்தன நாளா எப்படிப் பார்க்காம இருந்தேன்?" என்றார். மகன் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தான். எனக்கு அடுத்த எண்ணை அழைக்க மனம் வரவில்லை.

சில வேண்டுகோள்கள்

பெற்றோர்களுக்கு அறிவுரை கூறும் தகுதி எனக்கில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் கடைப்பிடிக்க முயலும் சிலவற்றை மட்டும் வேண்டுகோளாக வைக்கிறேன்.

முதலாவது, முதலில் பார்ப்பது, பிறகு எடுப்பது. குழந்தை செய்வதைச் சற்று நேரம் வெறும் கண்ணால் பாருங்கள். தேர்ந்து ஒரு படமோ இரண்டு படமோ எடுங்கள். பின்னர் கைப்பேசியைப் பையில் வைத்துவிடுங்கள். மேற்சொன்ன ஆய்வின் பயனும் இதுவே.

இரண்டாவது, பொறுப்பை ஒருவரிடம் விடுவது. காதுகுத்து, முடியிறக்குதல், பால்குடம் போன்றவற்றில் குடும்பத்தில் ஒருவர் மட்டும் படமெடுக்கட்டும். பெற்றவர்கள் பிள்ளையோடு இருக்கட்டும். ஆலய நிர்வாகமும் படக்காரர் ஒருவரை அமர்த்தி, விழா முடிந்ததும் படங்களைக் குடும்பங்களுக்கு வழங்க ஏற்பாடு செய்தால் பேருதவியாக இருக்கும். தொழிற்சாலையில் முறைவேலை செய்யும் பெற்றோர்கள் நம் வட்டாரத்தில் பலர். விழாவிற்கு வர இயலாதவர்களுக்கு அந்தப் படங்கள்தாம் கண்கள். அவர்களை நான் மறக்கவில்லை.

மூன்றாவது, எப்போதும் படமெடுப்பவரையும் ஒருமுறை படத்தில் சேர்ப்பது. பல வீடுகளில் பிள்ளைகளின் படங்களைப் புரட்டினால் தாயைக் காணமுடியாது. எல்லாவற்றையும் எடுத்தவர் அவரே என்பதுதான் காரணம். நாளை அந்தப் பிள்ளைகள் தேடப்போவது அந்த முகத்தைத்தான்.

நான்காவது, பகிர்வதற்கு முன் பிள்ளையைக் கேட்பது. பிரான்சு நாட்டில் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பிள்ளையின் உருவப்படத்தின் மீது பிள்ளைக்குள்ள உரிமையைக் காப்பது பெற்றோரின் கடமை என்றும், அதன் வயதிற்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதனையும் கலந்துகொள்ள வேண்டும் என்றும் சட்டமே இயற்றினார்கள். நம் வீட்டில் அதற்குச் சட்டம் வேண்டாம், "இதைப் போடலாமா, ஐயா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பால்குடக் காணொளியைப் பகிருமுன் நான் மகனிடம் காட்டிக் கேட்டிருந்தால், கால் சுட்ட செய்தி அப்போதே எனக்குத் தெரிந்திருக்கும்.

ஐந்தாவது, எடுத்த படங்களைப் பிள்ளைகளோடு அமர்ந்து பார்ப்பது. மாதம் ஒருமுறையேனும் "இந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா?" என்று கேட்டு அவர்களைப் பேச விடுங்கள். அப்போதுதான் படம் நினைவாக மாறும்.

நிறைவாக

அன்று இரவு நான் மகனின் பாதங்களைப் பார்த்தேன். சிவந்திருந்தன, கொப்புளம் இல்லை, இறைவன் காத்தான். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "ஏன்யா, அப்பாவை உரக்கக் கூப்பிடக்கூடாதா?" என்று கேட்டேன். அவன் சொன்ன பதிலை இச்சபையில் மறைக்காமல் கூறுகிறேன்:

"கூப்பிட்டா வீடியோ கெட்டுப்போகும்னு நினைச்சேன்பா."

தன் வலியைவிட என் படம் எனக்குப் பெரிது என்று ஒன்பது வயதுப் பிள்ளை நினைத்திருக்கிறான். அப்படி நினைக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் வேறு யாருமல்லன், நான்தான். அந்தச் சொல்லைக் கேட்டபின் நான் கேட்ட மன்னிப்பைவிட, இனி வாழ்ந்து காட்ட வேண்டிய மன்னிப்பே பெரிது என்று உணர்ந்தேன்.

இவ்வாண்டும் என் மகன் பால்குடம் எடுக்க விரதம் இருக்கிறான். புறப்படும் இடத்தில் ஒரு படம் எடுப்பேன். அதற்கு அவனிடம் அனுமதியும் பெற்றுவிட்டேன். அதன்பின் என் கையில் ஒரு வாளித் தண்ணீரும் குவளையும் மட்டுமே இருக்கும். என் மகனுக்கு மட்டுமன்று, வழியில் காலை மாற்றி மாற்றி வைக்கும் எந்தப் பிள்ளையைக் கண்டாலும் ஊற்றுவேன். முகம் தெரியாத அந்தத் தாய்க்கு நான் செலுத்தக்கூடிய நன்றிக்கடன் அதுதான். தப்பித் தவறி என் கையில் கைப்பேசியை நீங்கள் கண்டால், தயங்காமல் என் தோளைத் தட்டிக் கண்டியுங்கள்.

பிள்ளைகளைக் காணும் கண்ணை நம் அனைவருக்கும் தந்தருளுமாறு எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுகிறேன்.